ஜிபார்ட்டட்: வலது விளிம்பை நம்பலாம், இடது விளிம்பில் நிதானம் வேண்டும்

லினக்ஸை நிறுவும்போது, வட்டில் இயங்குதளம் குடியிருக்கும் ரூட் பிரிவுக்கு 30 ஜிபி தாராளம் என்று எண்ணி ஒதுக்கிவிட்டு, மீதி இடம் முழுவதையும் நம் கோப்புகள் இருக்கும் ஹோம் பிரிவுக்குக் கொடுத்துவிடுவது பலரும் செய்வதுதான். ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஃபிளாட்பேக், ஸ்நாப் வடிவச் செயலிகள், டாக்கர் படிமங்கள், நீக்கப்படாத பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மைய நிரல்கள்) என்று ரூட் பிரிவு நிரம்பி, புதுப்பிப்புகள் பாதியில் நின்றுபோகத் தொடங்கும். அதே வட்டில், ஹோம் பிரிவில் முந்நூறு ஜிபி வெறுமனே கிடக்கும். அந்த இடத்தை இங்கே கொண்டுவர முடியுமா, கோப்புகளுக்குச் சேதமில்லாமல் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி. இதற்கு லினக்ஸ் உலகில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் பெயர் ஜிபார்ட்டட். இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கும் இந்த மென்பொருள், வீட்டுக் கணினியில் பிரிவுகளின் அளவை மாற்றுவதற்கு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது, எந்த இடத்தில் அது நம்மைக் கவனக் குறைவுக்கு இழுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

பார்ட் ஹக்வூர்ட் என்பவர் தொடங்கிய இத்திட்டம் 2004-இல் முதல் வெளியீட்டைக் கண்டது. பின்னர் கர்ட்டிஸ் கெடக், மைக் ஃபிளீட்வுட் ஆகியோர் பொறுப்பேற்று வளர்த்தார்கள். அக்காலத்தில் இவ்வேலைக்குப் பலர் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன்மேஜிக். அந்நிறுவனத்தை 2003-இல் சைமன்டெக் வாங்கியது. ஜிபார்ட்டட் 1.0 வெளிவந்தது 2019-இல். பதினைந்து ஆண்டுகள் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்ணோடு இருந்த மென்பொருள் திடீரென்று ஒன்றுக்குத் தாவியதைப் பார்த்து, இப்போதுதான் இது நம்பகமாகிவிட்டது என்று சிலர் கருதினார்கள். இடைமுகத்தை, சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் நிரலகமான ஜிடிகே 2-இலிருந்து ஜிடிகே 3-க்கு மாற்றியதைக் குறிக்கவே அந்த எண் என்று உருவாக்கியவர்களே எழுதியிருந்தார்கள். இத்தகைய அடக்கம் மென்பொருள் உலகில் அரிது.

ஜிபார்ட்டட் தானாகப் பெரிதாக எதையும் செய்வதில்லை என்பதை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. பிரிவுகளின் எல்லைகளை எழுதிவைத்திருக்கும் அட்டவணையை மாற்றுவதற்கு அது லிப்பார்ட்டட் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. பிரிவுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையைச் சுருக்கவும் விரிக்கவும் அந்தந்தக் கோப்பு முறைமையை எழுதியவர்களே தரும் கருவிகளை அழைக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றால் என்டிஎஃப்எஸ்ரீசைஸ், பிடிஆர்எஃப்எஸ் என்றால் அதற்கே உரிய கருவி. ஆகவே ஜிபார்ட்டட்டை மதிப்பிடுவது என்பது, இக்கருவிகளை எந்த வரிசையில், எத்தனை சோதனைகளோடு அது ஓட்டுகிறது என்பதை மதிப்பிடுவதுதான்.

வரிசையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரிவு வேறு, அதற்குள் விரிந்திருக்கும் கோப்பு முறைமை வேறு. அறையின் சுவரை உள்ளே நகர்த்துவதானால் முதலில் பாயைச் சுருட்டியாக வேண்டும்; சுவரை வெளியே தள்ளுவதானால் தள்ளிய பிறகுதான் பாயை விரிக்க முடியும். சுருக்கும்போது கோப்பு முறைமை முதலில், பிரிவு பிறகு. பெரிதாக்கும்போது பிரிவு முதலில், கோப்பு முறைமை பிறகு. முனையத்தில் கைப்படச் செய்பவர்கள் தரவை இழப்பது பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதால்தான். பார்ட்டட் என்னும் கட்டளைவரிக் கருவி இதில் தனியாகக் குறிப்பிடத் தக்கது. முன்னர் கோப்பு முறைமையையும் சேர்த்து அளவு மாற்றித் தந்த அது, 2011-இல் வந்த 3.0 பதிப்பில் அந்த வசதியை நீக்கிவிட்டது. அடுத்து ஃபேட், எச்எஃப்எஸ் பிளஸ் ஆகிய கோப்பு முறைமைகளுக்கு மட்டும் அது நிரலகத்தில் திரும்ப வந்தது. இன்று பார்ட்டட்டில் உள்ள ரீசைஸ்பார்ட் கட்டளை எல்லைக் கோட்டை மட்டுமே நகர்த்துகிறது. உள்ளே எக்ஸ்ட்4 முழு நீளத்துக்கு விரிந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைக் கொண்டு சுருக்க முனைபவர்கள், கோப்பு முறைமையின் வாலை வெட்டிவிட்டு நிற்பார்கள். ஜிபார்ட்டட்டில் இந்தத் தவற்றைச் செய்ய வழியே இல்லை. அதன் முதல் சிறப்பு இதுதான்.

இயங்கிக்கொண்டிருக்கும் உபுண்டுவிலோ டெபியனிலோ இதை நிறுவித் திறக்கலாம். ஆனால் பயன்பாட்டில் உள்ள பிரிவுகளின் பெயருக்கு அருகே ஒரு சிறு அடையாளம் தோன்றும். பின்னால் வரும் பிடிஆர்எஃப்எஸ் போன்ற விலக்கு தவிர, அவற்றைச் சுருக்க முடியாது; நகர்த்தவும் முடியாது. எக்ஸ்ட்4 பிரிவு மவுண்ட் ஆகி, அதாவது இயங்குதளத்தோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும்போது, அதன் வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒதுக்கப்படாத இடம் இருந்தால், பெரிதாக்க மட்டும் முடியும். மற்ற வேலைகளுக்கு ஜிபார்ட்டட் லைவ் என்னும் தனிப் படிமத்தைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படிமம் ஒரு ஜிபிக்கும் குறைவானது. நினைவகம் குறைந்த பழைய கணினிகளிலும் எழுந்து நிற்கும். தொடக்கத்தில் விசைப்பலகை, மொழி, வரைகலை முறை என்று கேட்கும் கேள்விகளுக்கு எண்டர் விசையைத் தட்டிக்கொண்டே போனால் போதும். எந்தக் கேள்வியும் வட்டைத் தொடுவதில்லை.

திரையின் மேற்பகுதியில் வட்டு முழுவதும் ஒரு நீண்ட பட்டையாகக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு பிரிவும் அதன் கோப்பு முறைமைக்குரிய வண்ணச் சட்டத்துக்குள் இருக்கும். உள்ளே மஞ்சளாகத் தெரிவது பயன்பட்ட இடம், வெள்ளையாகத் தெரிவது காலி இடம், சாம்பல் நிறத்தில் கிடப்பது எந்தப் பிரிவுக்கும் ஒதுக்கப்படாத இடம். மேல் வலப்பக்கத்தில் எந்த வட்டைப் பார்க்கிறோம் என்று காட்டும் பட்டியலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வெளி வட்டு ஒன்றும் செருகப்பட்டிருக்கும் கணினியில் தவறான வட்டைத் திறந்து வேலை செய்வது எளிது. கடையில் 500 ஜிபி என்று வாங்கிய வட்டு இங்கே 465 சொச்சமாகத் தெரிவதைக் கண்டு பதற வேண்டாம்; விற்பவர்கள் ஆயிரங்களாக எண்ணுகிறார்கள், ஜிபார்ட்டட் 1024-களாக எண்ணுகிறது. இக்கட்டுரையில் வட்டின் அளவாக வரும் எண்கள் எல்லாம் ஜிபார்ட்டட்டின் கணக்கில்தான்.

இன்னொரு நல்ல ஏற்பாடு, நாம் செய்யும் மாற்றங்கள் உடனே நடப்பதில்லை என்பது. பட்டையில் இழுத்து அளவை மாற்றினாலும், பிரிவை நீக்கினாலும், அவை திரையின் அடியில் ஒரு பட்டியலாக வரிசைகட்டி நிற்கும். அப்ளை என்னும் பச்சை நிறச் சரி குறியை அழுத்தும்வரை வட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. அதுவரை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். அழுத்திய பிறகும், தரவு இழப்பு ஏற்படக்கூடும், காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முறை எச்சரித்துவிட்டுத்தான் தொடங்கும்.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 500 ஜிபி வட்டு ஒன்றில் இடமிருந்து வலமாக முதலில் கணினி தொடங்கத் தேவையான அரை ஜிபி இஎஃப்ஐ பிரிவு, அடுத்து 30 ஜிபி ரூட், அதன்பின் நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் 4 ஜிபி ஸ்வாப், கடைசியில் 431 ஜிபி ஹோம் என்று வைத்துக்கொள்வோம். ரூட்டும் ஹோமும் எக்ஸ்ட்4.

முதலில் எளிய தேவை. வேறொரு லினக்ஸை நிறுவிப் பார்க்க 100 ஜிபி வேண்டும். ஹோம் பிரிவின் மீது வலச்சொடுக்கி, அளவு மாற்றும் சாளரத்தைத் திறந்து, வலது விளிம்பை இடப்பக்கம் இழுத்து 331 ஜிபிக்குக் கொண்டுவர வேண்டும். அப்ளை கொடுத்ததும் விவரங்களை விரித்துப் பார்த்தால் நடப்பதெல்லாம் தெரியும். முதலில் இ2எஃப்எஸ்சிகே ஓடிக் கோப்பு முறைமையைக் கட்டாயமாக முழுதும் சோதிக்கிறது. அடுத்து ரீசைஸ்2எஃப்எஸ் கோப்பு முறைமையைச் சுருக்குகிறது. வெட்டப்படும் 100 ஜிபி பகுதிக்குள் ஏதேனும் கோப்பின் துண்டுகள் இருந்தால், அவற்றை மட்டும் முன்பக்கம் எடுத்துவைக்கிறது. மற்ற தரவைத் தொடுவதில்லை. இவை முடிந்த பிறகே பிரிவின் எல்லை அட்டவணையில் மாற்றப்படுகிறது. ஏதேனும் ஒரு படி தோற்றால் அடுத்த படிக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். கோப்பு முறைமை நலமாக இருந்து, மின்சாரமும் நிலையாக இருந்தால், இந்த வேலையில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் இது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அடுத்தது நாம் தொடக்கத்தில் பார்த்த தேவை. ரூட்டுக்கு இன்னும் 30 ஜிபி வேண்டும். ஹோமின் வலது விளிம்பைச் சுருக்கிப் பயனில்லை. கிடைக்கும் இடம் வட்டின் கடைசியில் போய் நிற்கும், ரூட்டுக்கு அருகில் வராது. ஹோமின் இடது விளிம்பை வலப்பக்கம் தள்ள வேண்டும், பிறகு ஸ்வாப்பை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அதன்பின்தான் ரூட்டை விரிக்க முடியும். திரையில் இது முன்பு செய்ததைப் போன்றே தெரிகிறது. அதே சாளரம், அதே இழுப்பு, வலது முனைக்குப் பதில் இடது முனை. ஆனால் எக்ஸ்ட்4 தன் தொடக்கப் புள்ளியிலிருந்துதான் எல்லா முகவரிகளையும் எண்ணுகிறது. தொடக்கம் 30 ஜிபி தள்ளிப் போனால், உள்ளே இருக்கும் தரவு முழுவதும் அதே தூரம் பெயர்ந்தாக வேண்டும். எனவே ஜிபார்ட்டட் முதலில் ஹோமை 401 ஜிபிக்குச் சுருக்கி, பிறகு உள்ளடக்கம் முழுவதையும் அதே வட்டில் ஓரிடத்திலிருந்து படித்து இன்னோரிடத்தில் எழுதுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைப் பாராட்ட வேண்டும். எக்ஸ்ட் குடும்பக் கோப்பு முறைமைகளை நகர்த்துவதற்கு இ2இமேஜ் என்னும் கருவி கிடைத்தால் ஜிபார்ட்டட் அதைப் பயன்படுத்தும். அது பயன்பட்ட தொகுதிகளை மட்டுமே பெயர்க்கும், காலி இடத்தைச் சுமப்பதில்லை. 401 ஜிபி பிரிவில் 250 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தால் 250 ஜிபிதான் நகர்கிறது. சுழலும் வன்தட்டில் படிப்பதும் எழுதுவதும் ஒரே தட்டில் மாறிமாறி நடப்பதால், நொடிக்கு 50 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். என்டிஎஃப்எஸ் பிரிவை நகர்த்தினால் இந்தச் சலுகை இல்லை. காலி இடம் உட்பட முழுப் பிரிவும் பெயரும். இந்த நேரம் முழுவதும் தரவில் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் இருக்கும். நடுவில் மின்சாரம் போனால், எந்தப் பாதி எங்கே நின்றது என்று கண்டுபிடித்துத் தருவதற்கு எந்த எளிய வழியும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் ஜிபார்ட்டட்டில் இல்லை. ரத்து செய்யும் பொத்தான் இருக்கிறது. ஆனால் அதை அழுத்தினால் கோப்பு முறைமைக்குக் கடும் சேதம் நேரலாம் என்று மென்பொருளே எச்சரிக்கிறது.

என்னுடைய முதன்மையான குறை இதைப் பற்றியதுதான். சில நிமிட வேலையும் சில மணி நேர வேலையும், சிறிய ஆபத்தும் பெரிய ஆபத்தும், திரையில் ஒரே கை அசைவாகத் தோன்றுகின்றன. தொடக்கப் புள்ளி நகர்கிறது, இயங்குதளம் எழாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வருவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் கணினி எழுமா எழாதா என்பதைப் பற்றிப் பேசிவிட்டு, வெகுநேரம் ஆகலாம் என்று பொதுவாகச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. இத்தனை ஜிபி தரவு பெயரப் போகிறது, இடையில் நிறுத்த முடியாது என்று அப்ளை அழுத்துமுன் சொல்லும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். எவ்வளவு தரவு இருக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியும், மஞ்சள் வண்ணத்தில் அதையே காட்டிக்கொண்டும் இருக்கிறது. மீதி நேரத்தை வேலை தொடங்கிய பிறகு காட்டுவதால் யாருக்கும் பெரிய பயனில்லை. அப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஆகவே இடது விளிம்பைத் தொடுமுன், அதைத் தொடாமலே காரியம் முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். மேற்சொன்ன வட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. ரூட்டுக்கும் ஹோமுக்கும் இடையில் இருப்பது ஸ்வாப் பிரிவு. இன்று ஸ்வாப்புக்குத் தனிப் பிரிவு கட்டாயமில்லை, உபுண்டு 17.04 முதல், புதிய நிறுவல்களில் இயல்பாகவே ஸ்வாப் கோப்பு ஒன்றைத்தான் உருவாக்குகிறது. ஸ்வாப் பிரிவை நிறுத்தி, அதை நீக்கிவிட்டால், ரூட்டின் வலப்பக்கத்தில் 4 ஜிபி சாம்பல் நிறத்தில் கிடைக்கும். ரூட்டை அதற்குள் விரிப்பதற்கு லைவ் படிமம்கூடத் தேவையில்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே முடியும். பிறகு ஹோமில் ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கிக்கொள்ளலாம். கணினியை உறக்கநிலையில் வைத்து, வட்டிலிருந்து மீட்கும் வழக்கம் உள்ளவர்கள் மட்டும் இதில் யோசிக்க வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு ஸ்வாப் எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும். நான்கு ஜிபி போதாது என்றால், டாக்கரின் தரவு அடைவை ஹோமுக்கு மாற்றிவிடலாம்; ரூட்டை விழுங்குவது பெரும்பாலும் அதுதான். டாக்கருக்கு ஓர் அமைவுக் கோப்பில் ஒரே வரி எழுதினால் போதும்.

இடம் போதவில்லை என்ற புகார் ஹோம் பிரிவைப் பற்றியது என்றால், அளவை மாற்றாமலே கொஞ்சம் இடம் மீட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்ட்4 பிரிவை உருவாக்கும்போது 5 விழுக்காடு இடம் நிர்வாகப் பயனருக்கென்று இயல்பாகவே ஒதுக்கி வைக்கப்படுகிறது. ரூட் பிரிவில் அது தேவை. வட்டு நிரம்பினாலும் கணினி மூச்சுவிடுவதற்கு அதுதான் உதவும். ஆனால் வெறும் கோப்புகள் இருக்கும் 400 ஜிபி ஹோமில் அது 20 ஜிபியைப் பூட்டி வைக்கிறது. டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை ஒரு விழுக்காடாகக் குறைத்தால் 16 ஜிபி உடனே கைக்கு வரும். ஜிபார்ட்டட்டில் இதற்குப் பொத்தான் இல்லை என்பது எனக்கு வியப்பே. இடம் தேடி வருபவர்கள் முதலில் திறப்பது இந்த மென்பொருளைத்தான்.

எந்தக் கோப்பு முறைமை என்பதைப் பொறுத்தும் ஜிபார்ட்டட்டின் பயன் மாறும். எக்ஸ்எஃப்எஸ் பிரிவைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. இது ஜிபார்ட்டட்டின் குறையல்ல, அந்தக் கோப்பு முறைமையின் இயல்பு. 2014-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 முதல் அந்தக் குடும்பத்தில் இதுவே இயல்புநிலை என்பதால், அலுவலகக் கணினிகளில் இதைச் சந்திக்க நேரும். அங்கே சுருக்க வேண்டுமானால் தரவை வேறிடத்தில் வைத்து, பிரிவைப் புதிதாக உருவாக்கித் திரும்பக் கொண்டுவருவதுதான் நேர்வழி. ஃபெடோரா 33 முதல் மேசைக் கணினிப் பதிப்புகளில் இயல்பாக வரும் பிடிஆர்எஃப்எஸ் இதற்கு நேர்மாறானது. மவுண்ட் ஆகியிருக்கும்போதே சுருக்கவும் விரிக்கவும் இடம் கொடுக்கும். அதிலும் ரூட்டும் ஹோமும் ஒரே பிரிவுக்குள் துணைத்தொகுதிகளாக இருப்பதால், முதல் பத்தியில் சொன்ன சிக்கலே எழுவதில்லை.

விண்டோஸோடு லினக்ஸும் இருக்கும் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததிலிருந்து, பழைய மடிக்கணினியில் ஒரு பகுதியை லினக்ஸுக்கு ஒதுக்கிப் பார்ப்போம் என்று இறங்குபவர்கள் கூடியிருப்பார்கள். விண்டோஸ் பிரிவைச் சுருக்குவதை விண்டோஸிலேயே உள்ள வட்டு மேலாண்மைச் சாளரத்தில் செய்வதே என் பரிந்துரை. அங்கே நகர்த்த முடியாத சில உள்கோப்புகள் குறுக்கே நிற்பதால், நாம் கேட்கும் அளவுக்குச் சுருக்க மறுக்கும்போது மட்டும் ஜிபார்ட்டட்டுக்கு வரலாம். அப்போதும், விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பை நிறுத்திவிட்டு விண்டோஸை முழுமையாக மூடிய பிறகே வர வேண்டும். இல்லையென்றால் பிரிவு பாதி உறங்கிய நிலையில் இருக்கும், ஜிபார்ட்டட் எச்சரிக்கை முக்கோணத்தைக் காட்டி வேலையை மறுத்துவிடும். இந்த மறுப்பு எரிச்சலூட்டினாலும் நியாயமானது. விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய பிரிவை அது சுருக்குவதில்லை. பூட்டை விண்டோஸில்தான் அவிழ்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததை இந்த இடத்தில் பலர் நினைவுகூரலாம். சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய அந்த இயங்குதளத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், விண்டோஸிலிருந்தே அதன் பிரிவை நீக்கிவிட்டு, அடுத்த முறை கணினியைத் திறந்ததும் கருப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்ற வரியைப் பார்த்துத் திகைப்பது எளிதாக நேரக்கூடியதுதான். கணினியை எழுப்பும் கிரப் என்னும் தொடக்க நிரல் தேடும் கோப்புகள் நீக்கிய பிரிவுக்குள் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஜிபார்ட்டட்டிலும் இதே தவறு நேரலாம். ஒரு பிரிவை நீக்கும்போது கிரப்பின் கோப்புகள் அதில் இருக்கின்றனவா என்று அது பார்த்துச் சொல்வதில்லை.

முன்னேற்பாடுகளில் காப்புப் பிரதி என்பதை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அது வேறொரு வட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முழுப் பிரிவையும் படிமமாக எடுத்துவைக்க, தைவானில் உருவான குளோன்சில்லா பொருத்தமானது. அதோடு, எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பிரிவு அட்டவணையை ஓர் உரைக் கோப்பாகப் பென் டிரைவில் எழுதிவைத்துக்கொண்டால், எல்லைகள் மட்டும் கலைந்துபோகும் விபத்துகளில் அந்தச் சில வரிகளே வட்டைக் காப்பாற்றிவிடும். வட்டின் உடல்நலத்தைப் பார்ப்பது இன்னொன்று. வட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், மாற்றீடு செய்யப்பட்ட செக்டர்களும் (வட்டின் சிறு கூறுகள்) படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களும் பூஜ்ஜியத்தைவிடக் கூடியிருந்தால், அந்த வட்டில் இடது விளிம்பைத் தொடவே கூடாது. மணிக்கணக்கில் முழு வட்டையும் படித்து எழுதும் வேலை, நோயுற்ற வட்டுக்குக் கடைசி அடியாகிவிடும். ஜிபார்ட்டட் இந்த அறிக்கையைக் காட்டுவதில்லை. குனோம் டிஸ்க்ஸ் என்னும் மென்பொருளில் பார்க்கலாம். மடிக்கணினி என்றால் மின்கலத்தை மட்டும் நம்பாமல் மின்னிணைப்பில் வைத்த பிறகும், மேசைக் கணினி என்றால் நல்ல நிலையில் உள்ள யூபிஎஸ் இருந்தால் மட்டுமேயும் நீண்ட வேலைகளைத் தொடங்க வேண்டும்.

மாற்று மென்பொருள்களில் குனோம் டிஸ்க்ஸ் பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கும். அளவை மாற்ற அதனாலும் முடியும், ஆனால் பிரிவை நகர்த்த முடியாது. வலது விளிம்பு வேலை மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் போதாமையே பாதுகாப்பு. கேடிஇ பார்ட்டிஷன் மேனேஜர் ஜிபார்ட்டட்டுக்கு நிகரானது. வட்டு இடத்தை ஒரே தொகுப்பாக்கி, அதிலிருந்து தேவைக்கேற்பப் பிரித்துத் தரும் ஏற்பாடான எல்விஎம்மின் தொகுதிகளைக் கையாள்வதில் அதைவிட மேலானது. எல்விஎம்மில் ஜிபார்ட்டட்டுக்குத் தெரிவது வெளி உறை மட்டுமே. உள்ளே இருக்கும் தருக்கத் தொகுதிகளை அது காட்டுவதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. நிறுவும்போதே எல்விஎம்மைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்வி-ரீசைஸ் கட்டளையைக் கற்றுக்கொள்வதே மேல். கோப்பு முறைமையையும் சேர்த்து மாற்றும் தெரிவு அதிலேயே உண்டு, இடது விளிம்பு, வலது விளிம்பு என்ற கவலையும் அங்கே இல்லை.

வேலை முடிந்து கணினியைத் திரும்பத் தொடங்கும்போது பெரும்பாலும் எதுவும் கேட்காது. அளவை மாற்றினாலும் நகர்த்தினாலும் பிரிவின் அடையாள எண் மாறுவதில்லை என்பதால், தொடங்கும்போது எந்தெந்தப் பிரிவை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு அப்படியே பொருந்தும். ஸ்வாப் பிரிவை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் மட்டும் அடையாள எண் புதிதாகிவிடும். எஃப்எஸ்டேப்பில் பழைய எண் இருந்தால், இல்லாத பிரிவைத் தேடி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் கணினி எழும். டெபியன், உபுண்டு குடும்பங்களில் உறக்கநிலை மீட்புக்கான அமைவிலும் அதே எண் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இரண்டையும் திருத்தி, தொடக்கப் படிமத்தைப் புதுப்பித்துவிட வேண்டும்.

லைவ் படிமத்தை மூடுமுன் ஒன்று மீதியிருக்கிறது. வேலை முடிந்த சாளரத்தில், நடந்ததையெல்லாம் கட்டளை கட்டளையாகப் பதிந்த விவரக் கோப்பைச் சேமிக்கும் பொத்தான் இருக்கும். ஏதாவது தவறியிருந்தால் உதவி கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் கோப்புதான். இயல்பாக அது நினைவகத்தில்தான் போய் விழும், கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். அதனால் இன்னொரு பென் டிரைவை மவுண்ட் செய்து, கோப்பை அதில் சேமித்துக்கொண்ட பிறகே அணைக்க வேண்டும்.